வயிற்றுப் புண்ணும் இரண்டு நிக்கல் அயனிகளும்

புதுச்சேரியில் நான் பணியாற்றும் ஆய்வகத்துக்கு எண்டோஸ்கோப்பி அறையிலிருந்து வரும் இரைப்பைத் திசு, அரிசிமணி அளவுகூட இருக்காது. யூரியா கலந்த மஞ்சள் நிற ஜெல்லில் அதை வைத்ததும், அதில் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியா போதிய அளவில் இருந்தால், துணுக்கின் ஓரத்தில் இளஞ்சிவப்பு மெல்லப் படரத் தொடங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறையவில்லை.

யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவை வெளியிடுவதால்தான் அந்த நிறமாற்றம் நிகழ்கிறது. இதே அம்மோனியாவைக் கொண்டுதான் அந்தக் கிருமி தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்து, சளிப்படலத்துக்குள் நீந்திச் சென்று குடியேறி, காலப்போக்கில் புண்ணுக்கும் சிலருக்குப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கிறது. நொதியின் செயல்மையத்தில் இரண்டு நிக்கல் அயனிகள் உள்ளன. அவை பொருந்தாவிட்டால், புரதம் முழுமையாக உருவாகியிருந்தாலும் அது செயல்படாது. இந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

டெட்டனஸ் கிருமியின் நச்சு செயல்பட, துத்தநாகம் என்னும் உலோகம் தேவைப்படுவதும் இவ்வகையே. கிருமிகளுக்கு உலோகங்கள் இவ்வாறு தேவைப்படும்போது, நம் வெள்ளணுக்களும் சும்மா இருப்பதில்லை. கால்புரோடெக்டின் என்னும் புரதத்தால் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் பற்றிக்கொண்டு, கிருமிகளைப் பட்டினி போடுகின்றன.

மனித உடலில் நிக்கலைச் சார்ந்த நொதி எதுவும் இதுவரை அறியப்படவில்லை என்பதால், யூரியேஸைக் குறிவைக்கும் மருந்தாய்வுகள் இன்னும் கூடுதல் கவனம் பெற வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உட்கொண்டு வருபவர்கள், சோதனைக்கு முன்பே அதை மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள். அவற்றின் விளைவால், கிருமி இருந்தும் ஜெல் மஞ்சளாகவே நின்றுவிடக்கூடும்.