டக்ஸ்ஃபோர்டில் ஸ்பிட்ஃபயர்கள்: செலவு கடித்தாலும் ஒருமுறை போய்விடுங்கள்

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள டக்ஸ்ஃபோர்ட் விமான மைதானத்தில், பழைய போர் விமானங்கள் பறக்கும் ஏர் ஷோவில் நேற்றுப் பார்த்ததை முதலில் கொட்டிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ஓட்டிய சண்டை விமானங்களான ஸ்பிட்ஃபயர்கள் புல்தரையில் வரிசையாக நிற்கின்றன. முதல் விமானத்தின் ப்ரொப்பெல்லர் தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது. மூக்கின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைப் புகைக்குழாய்களிலிருந்து வெள்ளைப் புகை குபுக்கென்று வருகிறது, நடுவில் ஒரு கணம் மஞ்சள் தீ நாக்கு. அப்புறம் மொத்த இஞ்சினும் பிடித்துக்கொள்கிறது. 27 லிட்டர், 12 சிலிண்டர், மெர்லின் என்று பெயர். அந்தச் சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதுகிறது. எந்த வீடியோவிலும் இது கிடைக்காது, எழுதித் தருகிறேன்.

கிளப்பியதும் ஏன் இவ்வளவு அவசரமாகப் புறப்படுகின்றன என்று கேட்டான் தம்பி. இஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் இருக்கிறது. கீழே இறக்கிய சக்கரக் கால் அதற்கு வரும் காற்றை மறைக்கும். தரையில் ரொம்ப நேரம் நின்றால் கூலன்ட் கொதித்துவிடும். மூக்கு வேறு நீளம், பைலட்டுக்கு நேர் எதிரே ஒன்றும் தெரியாது. அதனால் பாம்பு மாதிரி இடமும் வலமும் வளைந்து வளைந்துதான் ஓடுபாதைக்குப் போகிறார்கள். தரையில் இத்தனை சங்கடப்படும் விமானம், மேலே ஏறிச் சாய்ந்து அந்த முட்டை வடிவ இறக்கையைக் காட்டியபோது பக்கத்தில் யாருமே பேசவில்லை. பிரிட்டிஷ் விமானப்படைக்கு முதல் ஸ்பிட்ஃபயர் வந்து இறங்கியதே இந்த மைதானத்தில்தான், 1938 ஆகஸ்டில், 19-ஆம் ஸ்குவாட்ரனுக்கு (விமானப்படையின் ஒரு பிரிவு).

சரி, போன வழியைச் சொல்கிறேன். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து விட்டில்ஸ்ஃபோர்ட் பார்க்வே வரை ரயில் என்பது கணக்கு. ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை என்று பாதி வழியில் இறக்கி மாற்றுப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் திறக்காது, ஏசி வேலை செய்யவில்லை, ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து புகுந்து வெளியே வந்தது. பின்சீட்டில் ஒரு குழந்தை வாந்தியே எடுத்துவிட்டது. ரயிலுக்கான முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு இப்படி ஏற்றுவது அநியாயம். ஸ்டேஷனில் இறங்கினால் டாக்ஸிக்காரர் 25 பவுண்டு கேட்கிறார். மூன்று கிலோமீட்டர் சொச்சத்துக்கு, நம் பணத்தில் 2,500 ரூபாய்க்கு மேல்! "ஷோ நாள் ரேட்" என்றார். "அக்கா, நடந்தே போயிடலாம்" என்று தம்பி பையைத் தோளில் மாட்டிவிட்டான். நடந்தோம். பாதி வழியிலேயே ஒரு மஸ்டாங், அதே போர்க்கால அமெரிக்கச் சண்டை விமானம், தலைக்கு மேல் போனது, கட்டணமே இல்லாமல்.

மஸ்டாங் வேகமெடுத்துத் தாழ வரும்போது ஒரு விசில் கேட்கும். இறக்கையில் உள்ள துப்பாக்கித் துளைகளில் காற்று புகுந்து எழுப்பும் சத்தம் அது. ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் கண்ணை மூடிக்கொண்டே மஸ்டாங் என்று சொல்லிவிடலாம்.

ஸ்பிட்ஃபயரோடு சேர்ந்து போரிட்ட இன்னொரு பிரிட்டிஷ் விமானமான ஹரிகேன் வந்த நேரத்தில் எங்களைச் சுற்றியிருந்தவர்கள் காபி வாங்கப் போய்விட்டார்கள். எனக்குக் கோபமே வந்தது. 1940-இல் பிரிட்டன் வானில் நடந்த சண்டையில் ஜெர்மன் விமானங்களை அதிகம் வீழ்த்தியது ஹரிகேன்தான். உடம்பின் பின்பாதி துணி போர்த்தியது, குண்டு துளைத்தால் ஒட்டுப் போட்டு மறுபடி அனுப்பிவிடலாம். நம் விமானப்படையும் பர்மா போர்முனையில் இதைத்தான் ஓட்டியது. அழகு போட்டியில் ஸ்பிட்ஃபயரிடம் தோற்றதற்காக இதை மதிக்காமல் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

நம் ஊர்ப் பெயரும் இந்தக் கதையில் உண்டு. போர் நிதி கொடுத்த பகுதிகளின் பெயரைச் சில ஸ்குவாட்ரன்களுக்கு வைத்தார்கள். 234-ஆம் ஸ்குவாட்ரனுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி, 152-க்கு ஹைதராபாத். இரண்டுமே 1940-இல் ஸ்பிட்ஃபயர் ஓட்டியவை. தம்பியிடம் இதைச் சொன்னதும் அடுத்து மேலே போன ஸ்பிட்ஃபயருக்கு எழுந்து நின்று கை தட்டினான்.

ஏமாற்றமும் இருந்தது. அந்தப் போரின் பெரிய குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர் வரவில்லை. உலகத்தில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு, ஒன்று இங்கிலாந்தில், இன்னொன்று கனடாவில். 7,000-க்கும் மேல் செய்ததில் பறக்க மிஞ்சியவை இவை. அதனால் பக்கக் காற்று பலமாக இருந்தால் வெளியே எடுக்கமாட்டார்கள். எடுக்காததே சரி. இருந்தாலும் ஒலிபெருக்கியில் சொன்னபோது தொண்டை அடைத்தது.

இனி உபயோகமான விஷயம். பார்வையாளர்கள் ஓடுபாதைக்கு வடக்கே உட்காருகிறோம், அதாவது தெற்கே பார்த்து. வெயில் நாளில் சூரியன் நேர் முகத்தில், போட்டோவில் விமானம் கருப்பாகத்தான் விழும். மேகம் இருந்தால் வருத்தப்படாதீர்கள், படத்துக்கு அதுதான் நல்லது. ஷட்டரை 1/250-க்கு மேல் ஏற்றாதீர்கள். வேகமாக வைத்தால் ப்ரொப்பெல்லர் உறைந்து நிற்கும், விமானம் வானத்தில் ஒட்டவைத்த பொம்மையாகிவிடும். பெரிய லென்ஸுக்கு வாடகை கொடுப்பதைவிட, விமானங்களுக்கு அருகே நடந்து பார்க்க விடும் டிக்கெட் இருந்தால் அதற்குக் காசைப் போடுங்கள். இறக்கையில் சூடான எண்ணெய் கசிந்து கோடு போட்டிருப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். உள்ளே ஒரு பர்கர் 14 பவுண்டு, அதுவும் ஆறிப்போனது. நாங்கள் கட்டிக்கொண்டுபோன புளிசாதத்தைப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே அண்ணாந்து பார்த்தோம்.

அடுத்த முறை பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஓல்ட் வார்டன் ஏர் ஷோவுக்குத்தான். சின்னப் புல் மைதானம், விமானங்கள் கூட்டத்தைச் சுற்றி வளைந்து வருவதால் இறக்கையின் மேல்பக்கம் முழுசாகத் தெரியும். பிக்கிள்ஸ்வேட் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ரயில் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பேன்.