உதட்டில் ஒட்டாத குரல்

டப்பிங் ஸ்டுடியோவில் என் வேலை, உதட்டசைவோடு குரலைப் பொருத்துவது. சில ஃப்ரேம் தள்ளிப்போனாலே கண்ணை உறுத்தும், உடனே இழுத்துச் சரிசெய்வோம். குரல் வேறு ஆளுடையது என்று பார்ப்பவருக்குத் தோன்றவே கூடாது. இந்தப் பழக்கத்தோடு செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் 'கறுப்புப் பெண்' (1966) பார்த்தபோது ஆடிப்போய்விட்டேன்.

செனகல் தலைநகர் டக்காரிலிருந்து பிரான்சின் ஆந்தீபுக்கு வீட்டுவேலைக்குப் போகிறாள் தியுவானா. முதலாளி வீட்டில் அவள் வாய்திறந்து சொல்வதெல்லாம் 'சரிங்க மேடம்' அளவுதான். மனக்குரலோ படம் நெடுக ஓடுகிறது, அதுவும் சரளமான பிரெஞ்சில். நடித்தவர் ம்பிசின் தெரேஸ் தியோப். குரல் ஹைட்டியில் பிறந்த டோட்டோ பிசாந்துடையது.

ஊரிலிருந்து அம்மா பெயரில் கடிதம் வருகிறது. தியுவானாவுக்குப் படிக்கத் தெரியாது. முதலாளி படித்துக்காட்டுகிறார், பதிலையும் அவரே எழுத ஆரம்பித்துவிடுகிறார். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். அந்த அறையில் ஒலிப்பது அவர் குரல் மட்டும். அவள் மனக்குரல் நமக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்காது. செனகல் 1960-லேயே பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றுவிட்ட நாடு!

பிரெஞ்சு இயக்குநர் கோதாரும் ஒலியை வெட்டி விளையாடியவர்தான். 1961-ல் வந்த 'ஒரு பெண் ஒரு பெண்தான்' படத்தில் அன்னா கரீனா பாடும்போது பின்னணி இசை சட்டென்று அறுந்துவிடும். இன்னொரு செனகல் இயக்குநர் ஜிப்ரில் தியோப் மாம்பெட்டியின் 'டூக்கி பூக்கி' (1973) அந்தப் பாணியின் நகல் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் காதல் ஜோடி மோரியும் அந்தாவும் பாரிஸ் கனவோடு திரிய, பாடகி ஜோசபின் பேக்கரின் 'பாரிஸ், பாரிஸ்' பாட்டு கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. அதே படத்தில்தான் இறைச்சிக்கூடத்து மாடுகளும் கதறுகின்றன. அந்தக் கதறல் எந்த பிரெஞ்சுப் படத்திலிருந்தும் வந்ததில்லை.

அப்புறம் மாரிட்டேனிய இயக்குநர் சிசாக்கோவின் 'பமாக்கோ' (2006). மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் ஒரு வீட்டு முற்றத்தில் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் (ஐ.எம்.எஃப்.) விசாரிக்கப்படுகின்றன. முதலில் காத்திருக்கச் சொல்லப்பட்ட ஒரு முதிய விவசாயி, பிறகு எழுந்து சாட்சியத்தைப் பாட்டாகவே பாடுகிறார். அதற்கு சப்டைட்டில் கிடையாது. சிசாக்கோ வேண்டுமென்றே விட்டிருக்கிறார். கேட்டு முடிக்கும்வரை என்னால் அசைய முடியவில்லை.

எங்களிடம் வரும் படங்களில் ஓரத்தில் யாராவது வேற்றுமொழியில் முணுமுணுத்தாலும் அதையும் தமிழாக்கச் சொல்வார்கள். "இதை அப்படியே விட்டுடலாமா சார்?" என்று இப்போதெல்லாம் கேட்டுப்பார்க்கிறேன். சிலர் சரி என்கிறார்கள்.