டிராலிக்குப் புதுச் சக்கரம்

கடையில் மூட்டை இழுக்கிற ரெண்டு சக்கர டிராலிக்கு ஒருவழியாகச் சக்கரம் மாற்றியாச்சு. பழைய ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகி, உருளாமல் குதிக்க ஆரம்பித்திருந்தது. லோடோடு ராத்திரி முழுக்க நிறுத்தாதீங்கடா, ரப்பர் அழுந்தும் என்று சொன்னால் பசங்க கேட்டால்தானே!

சக்கரம் கழன்றுவராமல் அச்சு முனையில் மாட்டியிருக்கிற காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, வாஷரைக் கழற்றினால் அச்சு முழுக்கச் சாக்கு நூல். கிரீஸும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. பிளேடால் அறுத்துத்தான் எடுத்தோம்.

சக்கரம் வாங்கப் போகிறவர்கள் உயரத்தை மட்டும் அளந்துகொண்டு போகாதீர்கள். அச்சுக் கம்பியின் தடிமனும் நடுக்குழாயின் நீளமும் வேண்டும். பேரிங் சக்கரம் என்றால் பேரிங் நம்பரைப் பாருங்கள். 6204 என்றால் கடைசி 04-ஐ 5-ஆல் பெருக்கணும், உள்துளை 20 மி.மீ. கம்பியிலேயே பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுச் சக்கரமும் ஆடும்.

நைலான் நல்ல கனம் தாங்கும், ஆனால் கடகடவென்று தெருவையே எழுப்பிவிடும். பியூ (PU) என்கிற பாலியூரிதேன் பிளாஸ்டிக் சத்தமில்லாமல் ஓடும். அதில் சில ரகம் ஈரக்காற்றில் சும்மா கிடந்தாலே சில வருஷத்தில் பொடிந்து உதிரும். காற்றடிக்கிற டயரால் லாபம் பஞ்சர் கடைக்காரருக்குத்தான். நாங்கள் மறுபடியும் கெட்டி ரப்பரே போட்டோம், ஜோடியாக. ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.