ஊசி குத்தும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

மருத்துவ ஆய்வகங்களுக்கான தர வழிகாட்டுதல்களைத் திருத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இயந்திரத்துக்குக் கொடுக்கும் கவனத்தை ரத்தம் எடுக்கும் இடத்துக்கும் கொடுங்கள். ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி, மாதிரி இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது.

ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தத்தை வேறு குழாயில் ஊற்றினால் போதும். ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் வைத்திருக்கும் ஈடிடிஏ என்ற பொட்டாசியம் உப்பு கலந்து, முடிவில் பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று பார்க்க அன்று காலை ஓட்டிய, அளவு தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியோ அனுமதித்த எல்லையான 2 திட்டவிலக்கத்துக்குள் கச்சிதமாக நிற்கும்! நோயாளிக்கு இல்லாத கோளாறுக்குச் சிகிச்சை தொடங்கிவிடலாம்.

மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தர நிர்ணயமான ஐஎஸ்ஓ 15189-இன் 2022 பதிப்பு, நோயாளிக்கு நேரக்கூடிய அபாயத்தை முன்னிறுத்தியது மிக நல்ல மாற்றம். நிராகரித்த மாதிரிகளின் கணக்கைக் காரணத்தோடு மாதந்தோறும் ரத்தம் எடுப்பவர்களிடமே காட்ட வேண்டும் என்பதையும் விதியாக எழுதுங்கள்.