சேர்ந்து எங்கே வந்திருக்கிறார்கள்

2015 ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை அன்று, சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணி நடத்திய ஏமன் போரில் நடுநிலை காக்க வேண்டும் என்று பாகிஸ்தான் நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஞாயிறு காலை ரியாதில் அலுவலகம் திறந்ததும் எங்கள் முதீர், அதாவது மேலாளர், அதைப் பற்றி நாங்கள் சாச்சா என்று அழைக்கும் பாகிஸ்தானியரிடம் கேட்டார். அந்தப் பேச்சுக்கு நடுவில் நான் சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்களை இத்தனை ஆண்டுகளாக மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து வருகிறேன். அவற்றில் பொய் எதுவும் இல்லை. இன்று அதே கேள்வி வந்தாலும் ஏறக்குறைய அதையேதான் சொல்வேன். இருந்தும் அவை என்னை விட்டபாடில்லை.

முதீர் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அவர் மனவருத்தத்தோடு கேட்டார். 1982 உடன்பாட்டின்படி பாகிஸ்தான் படைப்பிரிவு சவூதியின் தபூக்கில் தங்கியிருந்த காலத்தில் அவருடைய தந்தையும் அங்கேதான் பணியில் இருந்தார். சாச்சாவோ அந்தப் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்தவர். இந்த ஒரு தொடர்பினாலேயே கிடங்குப் பொறுப்பாளரான சாச்சாவுக்கு அலுவலகத்தில் தனி மரியாதை இருந்தது. "நீங்கள் வருவீர்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்" என்றார் முதீர். போர் விமானம், போர்க்கப்பல், தரைப்படை ஆகிய மூன்றையும் சவூதி அரேபியா கேட்டிருப்பதாகப் பாகிஸ்தானின் பாதுகாப்பு அமைச்சர் க்வாஜா ஆசிஃப் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். மறுப்பும் அதே அளவுக்கு வெளிப்படையாக வந்துவிட்டதுதான் இங்கே பலருக்கும் உறுத்தியது. அமீரகத்தின் அமைச்சர் அன்வர் கர்காஷ் கடுமையான சொற்களால் பாகிஸ்தானைக் கண்டித்திருந்தார்.

சாச்சா, "ஹரமைனுக்கு, மக்கா மதீனா புனிதத் தலங்களுக்கு, ஆபத்து என்றால் இந்த வயதிலும் முதல் வரிசையில் நிற்பேன், தீர்மானத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். அவர் அப்படிக் கூனிக் குறுகி நின்றதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாரும் என்னைக் கேட்காமலேயே நான் பேசினேன். பெஷாவர் ராணுவப் பள்ளியில் தீவிரவாதிகள் கொன்ற 130க்கும் மேற்பட்ட மாணவர்களை அவர்கள் அடக்கம் செய்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை; வடக்கு வஜீரிஸ்தானில் முந்தைய ஆண்டு ஜூனில் தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை; சொந்த வீட்டில் இப்படியொரு நிலை இருக்கும்போது எந்த நாடாளுமன்றம் படையை வெளியே அனுப்பச் சம்மதிக்கும் என்று கேட்டேன். முதீர் சற்று நேரம் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டு தம் அறைக்குப் போனார். சாச்சா என் தோளைத் தொட்டார்.

பக்கத்து மேசையில் டெலிவரி நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஏமன் நாட்டுச் சகோதரர் அதுவரை தலை நிமிரவில்லை. அவருடைய தம்பியின் குடும்பம் சனாவில் இருந்தது. மார்ச் 26 முதல் அந்த நகரத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் கலைந்த பிறகு அவர் என்னிடம், "நீ நன்றாகத்தான் பேசினாய். இத்தனை நாடுகள் ஒன்று சேர்ந்திருக்கின்றன, இன்னொரு நாடு ஏன் சேரவில்லை என்பதற்குக் காரணமும் சொன்னாய். சேர்ந்து எங்கே வந்திருக்கிறார்கள் என்பதைத்தான் யாரும் பேசவில்லை" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. சொல்லிவிட்டு மீண்டும் நோட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

என் தரப்பை நான் பலமுறை எனக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஒருவருடைய இகாமா, அதாவது குடியிருப்பு அனுமதி, எங்கே இருக்கிறதோ அங்கே அவர் பேசக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது முதல் நியாயம். ஆனால் அதை மட்டும் சொல்வது நேர்மையாகாது, ஏனென்றால் அந்தப் போர் தவறு என்று அன்று நான் நினைக்கவே இல்லை. 2014 செப்டம்பரில் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஏமனின் தலைநகர் சனாவைப் பிடித்திருந்தார்கள். உலக நாடுகள் அங்கீகரித்த அதிபர் ஹாதி ஏடனுக்குத் தப்பியோடி, பிறகு அங்கிருந்தும் வெளியேறி, உதவி கேட்டிருந்தார். கேட்டவருக்கு அண்டை நாடுகள் உதவியது சரிதான் என்பது என் எண்ணமாக இருந்தது. அதற்கும் அப்பால் ஒன்று இருந்தது. சிறு வயதிலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆ துஆவின்போது முஸ்லிம்களின் உள்ளங்களை ஒன்று சேர்த்து வைப்பாயாக என்று இமாம் வேண்டும்போதெல்லாம் மனமுருகி ஆமீன் சொன்னவன் நான். பல நாடுகள் ஒரே கட்டளையின் கீழ் பறக்கின்றன என்ற செய்தியைக் கேட்டபோது, அந்த ஆமீனுக்கு ஏதோவொரு பதில் கிடைத்ததுபோல முதல் சில நாள்கள் எனக்குத் தோன்றியது உண்மை. அந்த உணர்வு இருந்ததனால்தான் ஏமன் சகோதரரின் வார்த்தை அவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு இந்தக் கூட்டணிகளின் வரலாற்றை விடாமல் படிக்கத் தொடங்கினேன். 1955இல் துருக்கி, ஈராக், ஈரான், பாகிஸ்தான் ஆகியவை பிரிட்டனோடு சேர்ந்து அமைத்த பாக்தாத் ஒப்பந்தத்திலிருந்து 1959இல் பாக்தாதே விலகிவிட்டது. வளைகுடா நாடுகளின் கூட்டுப் படையான தீபகற்பக் கேடயப் படையால் 1990இல் குவைத்தைக் காக்க முடியவில்லை. குவைத் மீட்கப்பட்டபின் எகிப்தும் சிரியாவும் வளைகுடாவுக்கு நிரந்தரக் காவல் தரும் என்று 1991 மார்ச்சில் வெளியான டமாஸ்கஸ் பிரகடனம் காகிதத்தோடு நின்றது. எட்டாண்டுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட ஈரானும் ஈராக்கும் 1969இல் ரபாத்தில் உருவான இஸ்லாமிய மாநாட்டு அமைப்பில் ஒரே மேசையில் அமர்ந்தவைதான்.

ஆனால் வரலாறு முழுவதும் இப்படியே இருந்திருந்தால் நான் நம்பிக்கையை விட்டிருப்பேன். 1993 அக்டோபரில் மொகதிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கப் போனவை பாகிஸ்தானின் டாங்கிகளும் மலேசியாவின் கவச வாகனங்களும்தான். போஸ்னியாவில் பாகிஸ்தான், மலேசியா, வங்கதேசம், துருக்கி நாட்டுப் படைகள் பணியாற்றின. சாச்சா இதைப் பெருமையோடு சொல்வார். நானும் பெருமையோடு கேட்பேன். அவை அனைத்தும் ஐ.நா. கொடியின் கீழ் நடந்தவை என்பதும், அதே மொகதிஷுவில் அதே ஆண்டு ஜூன் 5 அன்று 24 பாகிஸ்தானிய வீரர்கள் முஸ்லிம்களின் கையாலேயே கொல்லப்பட்டார்கள் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தப் பகுதிக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

2015 டிசம்பரில், அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த முஹம்மத் பின் சல்மான் 34 நாடுகள் கொண்ட இஸ்லாமிய ராணுவக் கூட்டணியை அறிவித்தார். ஈரான், ஈராக், சிரியா மூன்றும் அதில் இல்லை. ஏமனுக்குப் படை அனுப்ப மறுத்தபோது பாகிஸ்தானின் தரைப்படைத் தளபதியாக இருந்த ரஹீல் ஷரீஃப், ஓய்வு பெற்றபின் 2017இல் அந்தக் கூட்டணிக்கே தளபதியாக ரியாதுக்கு வந்தார். முதீர் அன்று சாச்சாவுக்குத் தம் கையாலேயே கஹ்வா என்னும் அரபுக் காபி ஊற்றிக் கொடுத்தார். அதே ஆண்டு ஜூனில் சவூதி முதலிய நாடுகளால் கத்தார் விலக்கி வைக்கப்பட்டது. ஏமன் கூட்டணியில் அதுவரை உடன் இருந்த நாடு அது. கத்தாருக்குச் செல்லும் சல்வா எல்லை மூடப்பட்டதால் எங்கள் சரக்கு லாரிகள் பாதி வழியில் திரும்பின. தோஹா வாடிக்கையாளர்களின் கணக்குகளை நிறுத்தி வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. துருக்கி தன் வீரர்களைக் கத்தாருக்கு அனுப்ப அதன் நாடாளுமன்றம் அந்த வாரமே அனுமதி தந்தது. முஸ்லிம் நாடு ஒன்று முஸ்லிம் நாடுகளிடமிருந்தே காப்பாற்றிக்கொள்ள இன்னொரு முஸ்லிம் நாட்டின் படையை அழைத்திருக்கிறது என்று சாச்சாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஏமன் சகோதரர் அப்போது வேலையை விட்டுப் போயிருந்தார்.

ஏமனில் 2021 முடிவுக்குள் 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள். அந்த மதிப்பீட்டைப் படித்த இரவில், பாகிஸ்தான் அன்று மறுத்ததே ஒற்றுமைக்குச் செய்த பெரிய உதவியாக இருக்கக்கூடும் என்று முதன்முறையாக நினைத்தேன். அந்தத் தீர்மானம் வெறுமனே ஒதுங்கி நிற்கச் சொல்லவில்லை, சமரசம் செய்ய முயலுங்கள் என்றும் அரசைக் கேட்டுக்கொண்டது. சேராமல் இருப்பவன்தான் நடுவில் நின்று பேச முடியும். இந்த நியாயத்தை நான் அன்று முதீரிடம் சொல்லவில்லை. அன்று எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. அதே வேளையில், பாகிஸ்தானின் சமரச முயற்சியால் அந்தப் போர் ஒரு நாள்கூடக் குறையவில்லை என்பதையும் மறைக்க முடியாது.

2025 செப்டம்பர் 9 அன்று இஸ்ரேல் தோஹாவைத் தாக்கியது. பேச்சுவார்த்தை நடத்திக்கொடுத்துக்கொண்டிருந்த நாடு அது. அமெரிக்காவின் பெரிய விமானத் தளம் அதன் மண்ணிலேயே இருக்கிறது. அதுவும் காக்கவில்லை. 15ஆம் தேதி அதே நகரில் அரபு, இஸ்லாமிய நாடுகளின் தலைவர்கள் அவசரமாகக் கூடினார்கள். 17ஆம் தேதி ரியாதில் சவூதியும் பாகிஸ்தானும் பரஸ்பரப் பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டின் மேல் நடக்கும் தாக்குதல் இரு நாடுகளின் மேலும் நடந்ததாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். மறுநாள் எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் பாகிஸ்தானிய இளைஞர் இனிப்பு கொடுத்தார். "உங்களுக்கும் மகிழ்ச்சிதானே, பாய்?" என்று கேட்டார். மகிழ்ச்சி என்றேன்.

அது உண்மைதான். தோஹாவுக்கு நடந்ததைப் பார்த்த எந்த முஸ்லிமும் இந்த நாடுகள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளத் துணிந்ததற்கு வருந்த மாட்டான். ஆனால் அதே ஆண்டு மே மாதம் 7 முதல் 10 வரை என் நாடும் அவருடைய நாடும் மோதிக்கொண்டன. அந்த உடன்பாட்டின் வரிகளை வாசிக்கும் இந்தியன் ஒருவன், அந்தத் தாக்குதல் எந்தத் திசையிலிருந்து வரும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள் என எண்ணாமல் இருக்க முடியாது. இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற இடம், பத்து ஆண்டுகளுக்கு முன் ஏமன் சகோதரர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வெகு தூரமில்லை. அவருடைய வீட்டின் மேல் குண்டு விழுந்தது, எனக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை என்பதால் இந்த ஒப்பீட்டை நான் அதற்கு மேல் நீட்டத் துணியவில்லை.

அன்றிரவு சாச்சாவுடன் தொலைபேசியில் பேசினேன். இப்போது அவர் பஞ்சாபில் தம் ஊரோடு இருக்கிறார். "அன்று நாங்கள் மறுத்ததற்கு நீதான் காரணம் எடுத்துச் சொன்னாய், இன்று சம்மதித்ததற்கும் நீயே சொல்" என்றார். எனக்குச் சட்டென்று எதுவும் வரவில்லை. மே 8 அன்று சவூதி அமைச்சர் ஆதில் அல்ஜுபைர் டெல்லிக்கு வந்து, அடுத்த நாளே இஸ்லாமாபாதுக்குப் போனதை அவருக்கு நினைவுபடுத்தினேன். ஒரு தரப்போடு உடன்பாடு செய்துகொண்ட பிறகு அடுத்த முறை அவரால் டெல்லியில் இறங்கி அப்படிப் பேச முடியுமா என்று கேட்டேன். சாச்சா தயங்கவே இல்லை. "முன்பு அவர் சொன்னதை நாங்கள் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். இப்போது நிறுத்து என்று சொன்னால் நாங்கள் நிறுத்தியாக வேண்டும். சேர்ந்தவன் சொல்லுக்குத்தான் அந்த உரிமை உண்டு" என்றார்.

அவர் சொல்வது சரியாக இருந்தால், பாகிஸ்தானின் மறுப்பைப் பற்றி நான் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த முடிவு நிற்காது; 2015இல் அவர்கள் சேர்ந்திருந்தால் உள்ளே இருந்துகொண்டே அந்தப் போரை நிறுத்தியிருக்கலாம் என்றாகிவிடும். அப்படிச் சேர்ந்த நாடுகளில் எதுவும் அதைச் செய்யவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவற்றில் ஒன்றுக்கும் பாகிஸ்தான் அளவுக்குப் படை இல்லை என்றார். எகிப்து இருந்ததே என்றேன். அதற்குள் அவருடைய ஊரில் ஃபஜ்ர் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அழைப்பதாகச் சொல்லி வைத்தார்.