உப்புக்காற்றில் ஒரு தேக்குத் தளம்: திருவொற்றியூர் அனுபவம்

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கிறது எங்கள் வீடு. மொட்டைமாடியில் போட்டிருந்த தேக்குப் பலகைத் தளத்தைச் சுரண்டி, உலர்த்தி, ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறும் நிறப்பூச்சு) பூசி முடித்துவிட்ட நிம்மதி ஒருபுறம் இருந்தாலும், அதற்காக ஏறி இறங்கிய கடைகளில் கேட்ட பதில்களை நினைத்தால் கோபம் இன்னும் ஆறவில்லை. கடலோரத்தில் மரத்தளம் வைத்திருப்பவர்கள் அதே பதில்களை நம்பிப் பணத்தை இழக்கக் கூடாது.

தளத்தைப் போட்டபோது வந்த பாலிஷ்காரர், கதவுக்கு அடிக்கிற பளபளப்பான வார்னிஷையே இதற்கும் அடித்துவிட்டுப் போயிருந்தார். வெட்டவெளியில் கிடக்கும் பலகை வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மேலே உள்ள படலம் வெடிக்கும். வெடிப்பின் வழியே இறங்கிய நீர், மிச்சமிருக்கும் படலத்துக்கு அடியில் வெளியேற வழியின்றித் தேங்கி மரத்தைக் கறுக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபோது எங்கள் தளம் வெயிலில் வெந்த முதுகுத் தோலைப் போல உரிந்து கிடந்தது. அந்த வார்னிஷை முழுவதும் எடுக்காமல் அதன்மேல் எதைப் பூசினாலும் வீண். 60ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 80இல் நிறுத்தினோம். இன்னும் வழவழப்பாக்கித் தருவதாக வேலைக்கு வந்தவர் வற்புறுத்தியும் நான் சம்மதிக்கவில்லை. மரம் அளவுக்கு மீறி வழவழப்பானால் ஸ்டெயினை உறிஞ்சாது.

தேய்த்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு. தேக்கில் இருக்கும் துவர்ப்புப் பொருளும் துருவும் சேர்ந்தால் இந்தக் கறை வரும். ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துப் பூசினால் கறை போய்விடும் (அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள், பிறகு நிறைய நீரால் கழுவுங்கள்). ஆனால் இரும்பு ஸ்க்ரூ அங்கேயே இருந்தால் அடுத்த மழைக்குக் கறை திரும்ப வந்துவிடும். ஆகவே 316 தர எவர்சில்வர் ஸ்க்ரூ கேட்டுப் பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் 304 தரத்தை எடுத்து வைத்து, "ரெண்டும் ஒண்ணுதான் சார், காந்தம் ஒட்டுதா பாருங்க" என்று காந்தத்தையும் நீட்டினார். இரண்டு தரத்திலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. கடலுப்பைத் தாங்குவதற்காக 316இல் மாலிப்டினம் என்ற உலோகத்தைச் சேர்க்கிறார்கள், வேறுபாடு அங்கேதான். பில்லில் தரத்தை எழுதித் தரச் சம்மதிக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

ஸ்டெயின் வாங்கிய கடையில் நடந்ததுதான் பெரிய கொடுமை. மரத்துக்குள் ஊறும், நிறமி கலந்த, வெளிப்புறத்துக்கான எண்ணெய் ஸ்டெயின் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் பணம் கட்டினேன். நிறமி இல்லாத எண்ணெய் வெயிலின் புறஊதாக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. மரம் விரைவில் சாம்பல் நிறமாகிவிடும். வீட்டுக்கு வந்து டின்னைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் 'உட்புறப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருந்தது. திறக்காத டின்னைத் திருப்பிக் கொண்டுபோனபோது, விற்ற பொருளை வாங்குவதில்லை என்று கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். நான் குரலை உயர்த்தவில்லை. வெளிப்புற ஸ்டெயின் என்று அவர்களே எழுதிக் கொடுத்த பில்லை மேசைமேல் வைத்து, நுகர்வோர் உதவி எண் 1915ஐ அங்கேயே அழைக்கப் போவதாகச் சொன்னேன். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து சரியான டின் வந்தது. பொருளின் பெயரைப் பில்லில் முழுமையாக எழுதச் சொல்லுங்கள். அன்று என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

பூசுவது எளிய வேலை. எங்களைக் காக்க வைத்தது ஈரம்தான். மழைக்காலம் முடிந்து மாசி, பங்குனியில்தான் இதைத் தொடங்க வேண்டும். அப்போதும் பலகையில் படியும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், நல்ல நீரால் கழுவிய பிறகே உலர விட வேண்டும். மேலே காய்ந்ததுபோல் தெரிவதை நம்பாதீர்கள். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை பொறுத்திருங்கள். காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்கி, பிற்பகல் கடற்காற்று எழுவதற்குள் முடித்துவிட வேண்டும். நேர்வெயில் படாமல் பச்சை வலை கட்டிக்கொள்வது அவசியம், இல்லையென்றால் எண்ணெய் ஊறுவதற்குள் மேலேயே காய்ந்துவிடும். மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மரம் குடிக்காமல் மிச்சம் வைத்ததைத் துணியால் துடைத்து எடுத்தோம். துடைத்த துணிகளை மூலையில் குவித்து வைக்காதீர்கள். இத்தகைய ஸ்டெயினில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் போன்றவை காயும்போது வெப்பம் உண்டாகும். குவியல் தானாகவே தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து, விரித்துக் காய வையுங்கள்.

இவ்வளவு செய்தும் பலகைகளின் அடிப்பக்கத்துக்கு எங்களால் தூரிகையைக் கொண்டுபோக முடியவில்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டிய பலகைகளை மட்டும் கழற்றி, நீரை அதிகம் உறிஞ்சும் வெட்டுமுனைகளுக்குக் கூடுதலாக ஒரு பூச்சுக் கொடுத்து, இடையில் நீர் வடியச் சந்து விட்டு மாட்டினோம். புதிதாகத் தளம் போடுகிறவர்கள் பலகைகளை முடுக்குவதற்கு முன்பே நான்கு பக்கமும் முனைகளும் பூசித் தரும்படி தச்சரிடம் கேளுங்கள்; மறுத்தால் வேறு தச்சரைப் பாருங்கள்.