ஐந்தாம் வகுப்பு அம்மா அப்பாக்களே, ஒரு நிமிடம்

ஆண்டுத் தேர்வு முடிந்தால் எல்லாரும் பாட்டி ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள், அப்புறம் உங்களைப் பிடிக்க முடியாது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாற்றுச் சான்றிதழ் கையில் வந்ததும் சுருட்டிப் பையில் போடாமல், அங்கேயே நின்று படியுங்கள். பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். போன வருடம் நம் காவியா ஆதாரில் ‘கவியா’ ஆகியிருந்தாள். ஒரு துணைக்காலுக்காக அவள் அப்பா வேலைக்குப் போகாமல் இ-சேவை மையத்துக்கு அலைந்தார்.

ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியை, வேறென்ன சொல்வேன்! ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரிக்குப் போகும்போது பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் என்ற அரசுத் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். நடுவில் ஆசைக்கு இரண்டு வருடம் தனியார் மெட்ரிக் பள்ளியில் போட்டுப் பார்க்கலாம் என்றால் அந்த ஒதுக்கீடு போய்விடும்.

சின்ன வகுப்புக்காரர்களுக்கு: ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு ஆதாரில் கைரேகை, கருவிழி பதிய வேண்டும். ஏழு வயதுக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

சரி, கடைசியாக ஒன்று. வகுப்பறை அலமாரியில் டிபன் பாக்ஸ் மூடிகள், தண்ணீர் பாட்டில்கள், ஒரு ஒற்றைச் செருப்பு கிடக்கின்றன. நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தர வரும்போது உங்களுடையதை எடுத்துப் போங்கள்.